கல்லூரி மாணவருக்குப் பழக நேரமும் இடமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் நாளிலிருந்து கல்லூரிகள் திறக்கும் வரை, எந்தப் பாடப்பிரிவில் சேர்ந்தால் வேலை கிடைக்கும், கட் ஆஃப் எவ்வளவு வரும், கல்விக் கடன் பெறுவது எப்படி என்றெல்லாம் தங்கள் நாளிதழ் பக்கம் பக்கமாக எழுதுகிறது. பெற்றோருக்கு அது பேருதவி. ஆனால் சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளைகள் மூன்றாண்டுகளில் யாரோடு பழகுகிறார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், வீட்டிலிருந்து வந்த ஆளாகவே திரும்பிப் போகிறார்களா, தாமே தேர்ந்துகொண்ட ஓர் ஆளாக மாறிப் போகிறார்களா என்பதைப் பற்றி ஏறத்தாழ எதுவும் எழுதப்படுவதில்லை. தென்மாவட்ட அரசு கலைக் கல்லூரிகளில் வரலாறு கற்பித்து, நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் மாணவர் விடுதிப் பொறுப்பிலும் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்கும் மாணவனுக்கும் மாதம் 1000 ரூபாய் தருகின்றன. அந்த ஆயிரம் ரூபாய் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் வழி செய்து, வீட்டில் யாருமே மிதித்திராத கல்லூரி வாசல் வரை ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறது என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். வாசலைத் தாண்டிய பிறகு நாம் அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

பதினேழு பதினெட்டு வயது வரை ஒரு கிராமத்துப் பிள்ளை இன்னார் மகன், இன்னார் பேத்தி, இன்ன தெருவைச் சேர்ந்தவர் என்றே அறியப்படுகிறது. படிப்பில் மந்தம் என்று ஐந்தாம் வகுப்பில் ஒரு வாத்தியார் சொன்னது பன்னிரண்டாம் வகுப்பு வரை கூடவே வரும். யாரும் தன்னை முன்பின் அறியாத ஓர் இடத்தில், தன் பெயரைத் தானே சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் வாய்ப்பு பெரும்பாலானோருக்குக் கல்லூரியின் முதல் சில வாரங்களில்தான் முதன்முதலாகக் கிடைக்கிறது. வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை விட்டு முழுப்பெயரால் தன்னை அழைக்கச் சொல்லும் பெண்ணையும், கையெழுத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துப் புதிதாக்கிக்கொள்ளும் பையனையும் ஒவ்வோர் ஆண்டும் பார்த்தேன். தலைமுடியை மாற்றுவார்கள், சட்டையை மாற்றுவார்கள், பேச்சில் ஊர் வாடையைக் குறைத்துக்கொள்வார்கள். பெரியவர்களான நாம் இதைப் பார்த்துச் சிரிக்கிறோம். "காலேஜுக்குப் போனதும் ஆளே மாறிட்டான்" என்று குறை சொல்கிறோம். வெளித்தோற்றத்தில் கைவைப்பது எளிது என்பதால் அவர்கள் அங்கே தொடங்குகிறார்கள். அதன் பின்னால், 'நான் யாராக இருக்கப் போகிறேன்' என்று தனக்குத்தானே கேட்டுப் பார்க்கும் ஒரு துணிவு இருக்கிறது. அந்தத் துணிவுக்கு மரியாதை தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் துணிவை முதல் வாரத்திலேயே முறித்துப் போடும் காரியங்கள் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் நடக்கின்றன. புதிதாகச் சேர்ந்த மாணவனிடம் மூத்த மாணவனோ பக்கத்து இருக்கைக்காரனோ முதலில் கேட்பது "எந்த ஊர்டே?" என்பது. ஊர்ப்பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "ஊர்ல எங்க? கீழத்தெருவா, மேலத்தெருவா?" பதில் கேட்பவனுக்கு முக்கியம், அந்தப் பதிலில் சாதி இருக்கிறது. கேட்டு முடித்ததும் ஒன்று தோளில் கை விழும், இல்லையென்றால் இருக்கை கொஞ்சம் நகரும். பையன் மூன்று மாதம் யோசித்து வாங்கிய புதுச் சட்டையும், தனக்குள் ஒத்திகை பார்த்த அறிமுகமும் அந்த இரண்டு கேள்விகளில் வீணாகிப் போகின்றன. விடுதியில் அறை ஒதுக்கும்போது "சார், நான் அந்த ரூம்ல இருக்கலை, எங்க ஊர்ப் பசங்க கூடவே போட்டுடுங்க" என்று சில நாள்களில் வந்து நிற்கும் பிள்ளைகளை அனுப்பியது பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான்.

மாணவர்கள் கேட்பது ஒருபுறம் இருக்க, நிர்வாகமே அதைச் செய்வதுண்டு. கல்வி உதவித்தொகை விண்ணப்பம் வந்துவிட்டால், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அலுவலக உதவியாளர் ஒருவர் தாளுடன் வந்து நிற்பார், "எஸ்.சி., எஸ்.டி. ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் எந்திரிங்க" என்று ஆசிரியர் சொல்வார். அறுபது பேர் இருக்கும் அறையில் சிலர் எழுந்து நிற்பார்கள். சிலர் எழாமலே உட்கார்ந்திருந்துவிட்டு, மணி அடித்த பிறகு அலுவலகத்துக்குத் தனியாக ஓடுவார்கள். ஓடத் தவறியவர்களுக்கு அந்த ஆண்டுப் பணம் போய்விடும். வகுப்பறையில் மாணவரின் சாதியை அறிவிப்பதும், ஒதுக்கீட்டுப் பிரிவினர் என்று அடையாளப்படுத்துவதும் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட சமத்துவ ஒழுங்குமுறைகளே சொல்லின. விதி வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும் இந்த வழக்கம் பல இடங்களில் தொடர்வதற்கு, இதில் என்ன தவறு என்று நம்மில் பலருக்குத் தோன்றாததே காரணம். சேர்க்கையின்போது கொடுத்த சான்றிதழ்கள் எல்லாம் அலுவலகத்தில் இருக்கின்றன. உரியவரின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் வேலை முடிந்துவிடும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. கயிற்றை அறுப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்தக் கயிறு ஒரு பையனுக்குக் கொடுத்துவந்தது என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். புது இடத்தில் தனியாக நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கூட்டம் தேவை. காலையில் பேருந்தில் இடம் பிடித்து வைக்கவும், சண்டை வந்தால் கூட நிற்கவும், கேன்டீனில் காசில்லாத நாளில் ஒரு டீ வாங்கிக் கொடுக்கவும் நாலு பேர் வேண்டும். கல்லூரி அந்த நாலு பேரைத் தேடிக்கொள்ள வேறு வழி எதையும் வைக்கவில்லையென்றால், அவன் கயிறு கட்டியவர்களிடம்தான் போவான். சென்னையில் இதே தேவை 'ரூட்' என்ற வேறொரு வடிவத்தில் நிறைவேறுகிறது. எந்த வழித்தடப் பேருந்தில், எந்த ரயிலில் வருகிறாய் என்பதை வைத்துக் கூட்டமும் அதற்கு ஒரு 'ரூட் தல'யும் அமைகின்றன. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் மற்றொரு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டு உயிரிழந்தது இந்தப் பகையில்தான். ஒவ்வொரு முறையும் நாம் காவல்துறையைக் கூப்பிடுகிறோம், இடைநீக்கம் செய்கிறோம், பெற்றோரை வரவழைத்து எழுதி வாங்குகிறோம். அந்தப் பையனுக்குக் கல்லூரிக்குள் சேர்வதற்கு வேறொரு கூட்டம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

அப்படி ஒரு கூட்டம் இருப்பதற்கு நேரமே இல்லை என்பதுதான் உண்மை. அரசுக் கல்லூரிகளில் சுழற்சி முறை நடந்த நாள்களில், காலைப் பிரிவு மாணவர்கள் வெளியேறினால்தான் பிற்பகல் பிரிவுக்கு வகுப்பறையே கிடைக்கும். ஒன்றரை மணிக்கு வாசலில் நின்றால் ஒரு பிரிவு வெளியே போவதையும் மற்றொரு பிரிவு உள்ளே வருவதையும் பார்க்கலாம்; மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறவர்களைக் காவலர் விரட்டிக்கொண்டிருப்பார். பருவத் தேர்வு, அகமதிப்பீட்டுத் தேர்வு, ஒப்படைப்பு என்று நாள்காட்டி நிரம்பிவிடுவதால், முத்தமிழ் விழாவும் விளையாட்டு விழாவும் ஒரே வாரத்தில் அவசரமாக நடந்து முடிகின்றன. மாலையில் துணிக்கடைக்கும், இரவில் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் பரிமாறவும் போகும் மாணவர்கள் ஏராளம். கடைசிப் பேருந்தை விட்டால் வீடு போக முடியாத மாணவிகள் அதைவிட அதிகம். இவர்களிடம் மாலை ஐந்து மணிக்கு மேல் மன்றக் கூட்டம் என்று அறிவிப்பதில் பொருளில்லை. வகுப்பு நேரத்துக்குள்ளேயே, வாரத்தில் ஒரு நாள் இரண்டு பாடவேளைகளை எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக ஒதுக்கி வைத்தால்தான் தமிழ் மன்றமோ அறிவியல் மன்றமோ சதுரங்கக் குழுவோ உண்மையில் நடக்கும்.

நேரமும் இடமும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் பார்த்திருக்கிறேன். 1969இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், ஓர் அலகின் நூறு தொண்டர்களில் ஐம்பது பேர் ஏதேனும் ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கிப் பணி செய்ய வேண்டும். ஊர் நடுநிலைப் பள்ளியில் தங்குவோம். முதல் நாள் இரவு பாய் விரிக்கும்போது கவனித்தால், ஒவ்வொரு பேருந்து வழித்தடத்துப் பையன்களும் ஒரு மூலையில் இருப்பார்கள். சமையல் குழுவை வருகைப் பதிவேட்டு எண் வரிசையில் பிரித்துவிடுவது என் வழக்கம். யாரோடு யார் என்பதை அவர்கள் தீர்மானிக்க விடுவதில்லை. ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்க வெங்காயம் உரித்துக்கொண்டு நான்கு பேர் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பேசாமல் யாராலும் இருக்க முடியாது. உப்பு கூடிப்போன நாளில் திட்டு வாங்குவதும் நால்வரும் சேர்ந்துதான்.

அப்படி ஒரு முகாமில், வகுப்பில் ஒரு நாளும் வாய் திறக்காத, ஆங்கிலப் பாடவேளை வந்தாலே தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு மாணவி, மளிகைக் கணக்கைத் தானாகவே கையில் எடுத்துக்கொண்டாள். மூட்டை அரிசிக்கு ரசீதில் போட்ட விலையும் வாங்கிய விலையும் ஒத்துவரவில்லை என்று கடைக்காரரிடம் நேராகப் போய்க் கேட்டு, பணத்தைத் திரும்ப வாங்கி வந்தாள். அன்று இரவிலிருந்து அவளை எல்லோரும் 'ஆடிட்டர் மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பெயர் நிலைத்தது. அடுத்த பருவத்தில் கருத்தரங்கில் அவள் ஆங்கிலத்தில் கட்டுரை வாசித்தாள், திக்கித் திணறி வாசித்தாள், இடையில் நிறுத்தித் தமிழில் விளக்கினாள், மறுபடியும் தொடர்ந்தாள். அவளிடம் அந்தத் திறமை பள்ளிக் காலத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும். அதைக் கண்டு பெயர் சொல்லி அழைக்க, அவளுடைய ஊரையும் வீட்டையும் அறியாத சிலர் தேவைப்பட்டார்கள். ஐந்தாறு நாள்களில் பாய்களும் கலந்துவிட்டன. எல்லா ஆண்டும் அப்படிக் கலந்தன என்று சொல்ல மாட்டேன். ஓர் ஆண்டு கடைசி நாள் வரை இரண்டு மூலைகளாகவே இருந்தார்கள். ஆனாலும் வேறு எந்த ஏற்பாட்டிலும் இதில் பாதியளவு பலன்கூட நான் கண்டதில்லை. இது ஆயிரக்கணக்கானோர் படிக்கும் கல்லூரியில் சில நூறு பேருக்கு மட்டுமே கிடைக்கிறது என்பதுதான் வருத்தம்.

ஆணும் பெண்ணும் பேசுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தனியார் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றில் மாடிப்படி தனி, பேருந்தில் வரிசை தனி, நடைபாதையில் நின்று பேசினால் அபராதம், வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு. பெற்றோரில் பலர் இதற்காகவே அந்தக் கல்லூரிகளைத் தேடிச் சேர்க்கிறார்கள். 1907இல் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி என்ற மாணவியைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது, பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் தலையிட்டு அனுமதி கொடுத்தார். அந்த மாணவிதான் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னாளில் சட்டமன்றத்திலிருந்து தேவதாசி முறைக்கு எதிராகப் போராடி, அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நூறாண்டுக்கு மேல் ஆன பிறகும், பெண்கள் பாதிப்பேர் இருக்கும் வகுப்பறையில் ஒரு பாடக் குறிப்பைக் கேட்டு வாங்குவதைக் குற்றமாக நாம் வைத்திருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. இப்படி வளர்ந்த இளைஞர்கள் இருபத்திரண்டு வயதில் ஒரு நிறுவனத்தில் பெண் மேலதிகாரியின் கீழ் வேலைக்குச் சேரும்போது, மரியாதையாக மறுத்துப் பேசுவது எப்படி, மறுப்பை ஏற்றுக்கொள்வது எப்படி என்று எங்கே கற்றிருப்பார்கள்?

பெற்றோரின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டதையும், அதன் பின் 1997இல் தமிழ்நாடு அரசு ராகிங்கைத் தடை செய்து சட்டம் இயற்றியதையும் என் தலைமுறை ஆசிரியர்கள் மறக்கவில்லை. அந்தச் சட்டம் தேவையானது. பல பிள்ளைகளைக் காப்பாற்றியது. ஆனால் அதைச் சாக்காக வைத்து முதலாண்டு மாணவரை மூத்தவரிடமிருந்து முற்றாகப் பிரித்து, சாப்பாட்டு நேரத்தைக்கூடத் தனித்தனியாக வைப்பது நிர்வாகத்துக்கு எளிதான வழி மட்டுமே. துறைக்கு ஓர் ஆசிரியரின் பார்வையில், ஒரு மூத்த மாணவருக்கு நாலைந்து புதியவர்கள் என்று பொறுப்பாக ஒப்படைத்த இடங்களில், எந்த அலுவலகத்தில் எந்தச் சான்றிதழ் வாங்குவது என்பதில் தொடங்கி எந்த மெஸ்ஸில் கடன் சொல்லலாம் என்பது வரை மூத்தவர்கள் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்ற விடுதிகள் தனித்தனி மரபோடு வளர்ந்தன. அங்கே தங்கிப் படித்தவர்கள் முதுமையிலும் தங்களை இன்ன ஹால்காரர் என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். சாதியோ ஊரோ கொடுத்த அடையாளத்துக்கு மேல் வேறொன்றை ஒரு கட்டடமும் அதன் பொது வாழ்க்கையும் கொடுக்க முடியும் என்பதற்கு இது சான்று. அரசு நலத்துறை விடுதிகளுக்கு 2025இல் 'சமூகநீதி விடுதிகள்' என்று ஒரே பெயரிட்டதை வரவேற்கிறேன். பெயரோடு, எல்லாப் பிரிவு மாணவரும் கலந்து தங்குவதும், மாணவர்களே மெஸ் குழுவைத் தேர்ந்தெடுத்து நடத்துவதும், ஒரு பொது வாசிப்பறையும் வந்தால்தான் அந்தப் பெயர் நிலைக்கும்.

மாணவர் பேரவைத் தேர்தல் பற்றி என் கருத்து தங்கள் வாசகர் பலருக்கு உவப்பாக இராது. 1965இல் இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழ்நாட்டையே எழுப்பிய மாணவர்களின் கல்லூரிகளில் இன்று பெரும்பாலானவற்றில் பேரவைத் தேர்தல் இல்லை. தேர்தல் வைத்தால் சாதி பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். முதல் சில ஆண்டுகள் அப்படியே நடக்கலாம். ஆனால் தன் தெருவில் இல்லாதவனிடமும் போய் ஓட்டுக் கேட்டாக வேண்டிய நிலையைத் தேர்தல் மட்டுமே உண்டாக்கும். மாணவர் தேர்தல் பற்றி ஆராய்ந்து, உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்றுக்கொண்ட லிங்டோ குழுவின் பரிந்துரைகள், வேட்பாளர் செலவுக்கு 5000 ரூபாய் உச்சவரம்பு, 75 விழுக்காடு வருகைப்பதிவு, கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் தேர்தல் என்று எல்லாவற்றையும் வரையறுத்துள்ளன. அவற்றின்படி வகுப்புப் பிரதிநிதி அளவிலேனும் தொடங்கலாம்.

முதலாண்டு மாணவருக்கான அறிமுக நிகழ்ச்சியை நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு 'தீக்‌ஷாரம்ப்' என்ற வழிகாட்டுதலை 2019இல் கொடுத்தது. பல கல்லூரிகளில் அது அரங்கில் உட்கார வைத்துச் சிறப்பு விருந்தினர்களைப் பேச வைப்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த நாள்களில் பாதியை எடுத்து, வருகைப் பதிவேட்டு வரிசையில் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, வளாகத்தில் மரம் நடவோ, நூலகத்தை ஒழுங்குபடுத்தவோ, ஒரு வேளை சேர்ந்து சமைக்கவோ விடும்படி உயர்கல்வித் துறை கல்லூரிக் கல்வி இயக்குநரகத்தின் வழியாக முதல்வர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். வாரத்தில் இரண்டு பொதுப் பாடவேளைகள், உதவித்தொகை விவரங்களை வகுப்பில் அறிவிக்கத் தடை என்ற இரண்டையும் அதே சுற்றறிக்கையில் சேர்க்கலாம். இவற்றில் எதற்கும் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வரும் கல்வியாண்டு வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்யுமாறு அரசைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும் என்றும், முதலாண்டு மாணவ மாணவியரிடம் நேரில் சென்று பேசி அவர்களுடைய நிலையை ஒரு தொடராக வெளியிட வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுக் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர்,
திருநெல்வேலி.